தலையணைப் புத்தகத்தை வைத்துவிட்டு வாருங்கோ

“ஓட்டோகாட் மறந்துபோச்சு. திரும்பப் பிடிக்கிறதுக்கு ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கோ.” இந்தக் கேள்வியோடு எங்களிடம் வருகிறவர்கள் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான். உயர்தரம் முடித்த கையோடு எங்கேயோ ஒரு கோர்ஸ் செய்திருப்பார்கள். பிறகு வங்கி, கடைக் கணக்கு, கட்டாரில் ஸ்டோர் வேலை, கலியாணம், பிள்ளை என்று ஐந்தாறு வருடம் ஒரு கோடும் கீறியிருக்கமாட்டார்கள். இப்போது கொழும்பில் ஒரு நேர்முகம் வந்திருக்கும். அல்லது வீட்டிலிருந்தே பிளான் கீறித் தர ஊரில் ஒரு பொறியியலாளர் ஆள் தேடுவார். கையில் இருப்பது மூன்று நான்கு வாரம். காசும் அளவானதுதான். 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு, இறக்குமதிப் புத்தகத்தின் பின்னட்டையில் விலையைப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டு வருகிற ஆட்கள் நாங்கள்.

இவர்களுக்குக் கிடைக்கிற பதிலும் ஒரே மாதிரித்தான். “ஆகப் புது வேர்ஷனுக்கு வந்த மொத்தப் புத்தகமாப் பார்த்து வாங்குங்கோ.” கடைக்காரர் இதைச் சொல்கிறார், ரியூஷன் சேர் சொல்கிறார், வெளிநாட்டில் இருக்கிற மச்சானும் சொல்கிறார். மூன்று பேர் சொல்வதும் பிழை எண்டு நாங்கள் சொல்லுறம். இது சின்னப் பிழையும் இல்லை. ஒருத்தரின் ஒரு மாதச் சேமிப்பையும், வேலை கிடைக்க இருந்த அந்த மூன்று வாரத்தையும் சேர்த்து விழுங்குகிற பிழை.

முதலில் அந்த மொத்தப் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எலன் பிங்கெல்ஸ்டைன் எழுதிய ‘ஓட்டோகாட் பைபிள்’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். ஷாம் டிக்கூவின் புத்தகங்களும் தலைக்கு வைத்துப் படுக்கலாம். அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. இணையம் மணிக்கணக்கில் காசு கேட்ட காலத்தில் அப்படி ஒன்று மேசையில் இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் அந்தப் பக்கங்களில் பெரும்பகுதி, இந்தக் கட்டளையை அடித்தால் என்ன கேட்கும், அந்தப் பெட்டியைத் திறந்தால் எந்த எந்தத் தெரிவுகள் வரும் என்ற விளக்கம். இதெல்லாம் இன்று உங்கள் விசைப்பலகையில் எஃப்1 என்ற விசைக்குப் பின்னால் சும்மா கிடக்கிறது. ஒரு கட்டளைக்குள் நின்றுகொண்டு எஃப்1 ஐ அமத்தினால் அந்தக் கட்டளையின் பக்கமே திறக்கும். உங்களிடம் இருக்கிற வேர்ஷனுக்கே பொருந்தும். டேட்டா இல்லாத வீடு என்றால், ஒரு முறை தரவிறக்கி வைத்து இணையம் இல்லாமலே பார்க்கவும் ஓட்டோடெஸ்க் நிறுவனம் வழி வைத்திருக்கிறது.

ஆகவே எங்கள் அளவுகோல் ஒன்றே ஒன்று. எஃப்1 இல் கிடைக்கிறதை அச்சடித்து விற்கிற புத்தகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். எஃப்1 இல் எந்தக் காலமும் கிடைக்காததைத் தருகிற புத்தகத்துக்குக் கொடுங்கள்.

“அப்ப வேர்ஷன்?” என்று கேட்பீர்கள். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிற வருடம்தான் இந்தக் கடையில் ஆகப் பெரிய மூடநம்பிக்கை. ஓட்டோகாட் முதலில் வெளிவந்தது 1982 டிசெம்பரில். கோடு கீற, நகர்த்த, சமாந்தரமாகப் பிரதி எடுக்க, வெட்டித் தள்ள நாங்கள் இன்றைக்கும் அடிக்கிற சொற்களில் கனக்க அந்த ஆரம்பகால வேர்ஷன்களிலேயே இருந்தவை. பிறகு வந்த மாற்றங்களில் இருபரிமாணத்தில் பிளான் கீறுகிற ஒருவருக்கு உண்மையில் முக்கியமானவற்றை விரல் விட்டு எண்ணலாம். தாள் ஒவ்வொன்றையும் தனித் தனி லேயவுட்டாக வைக்கும் வசதி 2000 பதிப்பில் வந்தது. ஒரே கதவு புளொக்கை இழுத்து வேறு வேறு அகலமாக்கும் டைனமிக் புளொக் 2006 இல். தாளின் அளவுத்திட்டத்துக்கு ஏற்ப எழுத்து தானாகச் சிறுத்துப் பெருக்கும் ‘அனொட்டேட்டிவ்’ முறை 2008 இல். மேலே நாடா மாதிரி ஓடும் ரிபன் 2009 இல். கோடுகளை ஒன்றோடொன்று கட்டிப் போடும் நிபந்தனைகள் 2010 இல். அதற்குப் பிறகு வந்ததில் உங்கள் கையைத் தட்டிவிடக்கூடியவை இரண்டு என்று சொல்லலாம்: 2012 இல் அரே கட்டளையின் பழைய பெட்டி போனது, 2021 இல் ட்ரிம் கட்டளை வெட்டும் எல்லையை முதலில் கேட்காமலே வெட்டத் தொடங்கியது. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு புது வேர்ஷனில் ட்ரிம் செய்யப் போனால் “என்னடா இது, புத்தகத்தில சொன்ன மாதிரி கேக்குதில்லை” என்று முழிப்பது இதனால்தான். ‘ட்ரிம்எக்ஸ்டெண்ட்மோட்’ என்று அடித்து 0 கொடுத்தால் பழையபடி கேட்கும். ‘அரேகிளாசிக்’ என்று அடித்தால் பழைய பெட்டியும் வரும். அவ்வளவுதான். இந்த ஒரு பந்திக்காக யாரும் புதுப் புத்தகம் வாங்கத் தேவையில்லை. 2018 இல் வந்த கோப்பு வடிவத்தைத்தான் 2025 பதிப்பும் எழுதுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறோம், வருடத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களுக்காக.

2010 க்குப் பிறகு வந்த எந்தப் பதிப்பின் புத்தகமும் உங்கள் தேவைக்குப் போதும். பழைய புத்தகக் கடையில், நண்பரின் அலுமாரியில், நூலகத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது.

இப்போது விசயத்துக்கு வருகிறோம். மறந்துபோனது என்ன? ஐந்து வருடத்துக்குப் பிறகு கணினியின் முன் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கோ. கட்டளைகள் மூன்று நாளில் திரும்பி வந்துவிடும். சைக்கிள் மாதிரி, கைக்கு ஞாபகம் இருக்கும். ஸ்பேஸ் பட்டையைப் பெருவிரல் தானாகத் தேடும். திரும்பி வராதது வேறு. எந்தக் கோடு தடிப்பாக வேண்டும், எது மெல்லிசாக வேண்டும்? வெட்டுமுகத்தை வீட்டின் எந்த இடத்தால் வெட்டினால் மேசனுக்கு ஆகக் கூடிய தகவல் போகும்? அளவுகளை எங்கேயிருந்து எங்கே போடுவது, சுவர் முகத்திலிருந்தா நடுக்கோட்டிலிருந்தா? ஏ3 தாளில் எந்த அளவுத்திட்டம்? இவை திரும்பி வராததற்குக் காரணம் மறதி இல்லை. அந்த கோர்ஸில் இவை படிப்பிக்கப்படவே இல்லை. மூன்று மாதம் கட்டளை கட்டளையாகச் சொல்லி, ஒரு வீட்டின் கிடைப்படத்தைப் பார்த்துக் கொப்பி பண்ணச் சொல்லி, முப்பரிமாணத்தில் ஒரு கதிரையும் செய்ய வைத்து, சேர்ட்டிபிக்கற் கொடுத்து அனுப்புகிற கோர்ஸ்களைத்தான் சொல்கிறோம். அங்கே கற்றதை மீட்டெடுக்க ஒரு புத்தகம் தேடுகிறவர், இல்லாத ஒன்றை மீட்கப் பார்க்கிறார்.

இது யாழ்ப்பாணத்தில் ஏன் இவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. உலகத்தின் மற்ற இடங்களில் கையால் கீறத் தெரிந்தவர்கள்தான் கணினிக்கு மாறினார்கள். 1992 இல் 12ஆம் வெளியீடு, 1997 இல் 14ஆம் வெளியீடு என்று ஓட்டோகாட் அலுவலகங்களுக்குள் நுழைந்தபோது, ரீ-ஸ்குயரும் செற்-ஸ்குயரும் பிடித்துப் பழகிய படவரைஞர்கள் அதே அறிவை மவுஸுக்குக் கொண்டுபோனார்கள். தடிப்புப் பேனையும் மெல்லிசுப் பேனையும் லேயரின் கோட்டுத் தடிப்பாகின. திரேசிங் தாள் லேயவுட்டானது. பக்கத்துக் கதிரையில் இருந்த இளம் ஆளும் பார்த்துப் பழகினார்.

எங்களுக்கு அந்தப் பக்கத்துக் கதிரை இருக்கவில்லை. 1990 இல் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. தொண்ணூறுகளின் முதற்பாதியில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள், சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் எங்கள் அம்மா அப்பாமார். பற்றரியே தடைசெய்யப்பட்ட ஊரில் கணினியை யார் நினைப்பது! கையால் கீறத் தெரிந்த மூத்த படவரைஞர்கள் அந்த மேசைகளிலேயே இருந்தார்கள். கனபேர் கொழும்புக்கும் கனடாவுக்கும் போனார்கள். ஓட்டோகாட் 2007 பதிப்பு வந்தது 2006 மார்ச்சில். அதே ஓகஸ்ட்டில் ஏ9 பாதை மூடியது. 2009 க்குப் பிறகு பாதை திறந்து, கணினி வந்து, கோர்ஸ் விளம்பரங்கள் மதில் மதிலாக ஒட்டப்பட்டபோது, மவுஸ் பிடித்தவர்களுக்கு ரீ-ஸ்குயர் பிடித்தவர்களைத் தெரியாது. இரண்டு தலைமுறைக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டிய தலைமுறை காணாமற் போயிருந்தது. 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கியது நல்ல விசயம். ஆனால் பள்ளிக்கூடப் பாடத்திட்டம் ஒன்றால் இருபது வருட இடைவெளியை நிரப்ப முடியாது.

அந்த நடுத்தலைமுறையின் இடத்தில் இருக்கக்கூடிய புத்தகத்தைத்தான் நாங்கள் தேட வேண்டும். மென்பொருளின் பெயர் அதன் அட்டையில் இல்லாமலே இருக்கலாம்.

பெயர் சொல்லியே சொல்கிறோம். இயந்திரப் பகுதிகள், பட்டறை வேலை, உருக்கு வேலை என்று போகிறவர் என்.டி. பட்டின் ‘எஞ்சினியரிங் டிரோயிங்’ புத்தகத்தை எடுங்கள். குஜராத்தின் ஆனந்த் நகரிலிருந்து சரோத்தர் பதிப்பகம் வெளியிடுவது, 1950களிலிருந்து பதிப்புக்கு மேல் பதிப்பாக வருகிறது. இந்தியப் புத்தகமானதால் மேற்கத்தேயப் புத்தகங்களோடு பார்க்க விலையும் தாங்கும். கட்டடம் என்றால் பிரான்சிஸ் சிங்கின் ‘ஆர்க்கிரெக்சரல் கிராபிக்ஸ்’. 1975 இல் முதலில் வந்த புத்தகம் அது. அதில் மவுஸ் என்ற பேச்சை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கிடைப்படம் என்பது நிலத்திலிருந்து ஏறத்தாழ நாலு அடி உயரத்தில் வீட்டைக் கிடையாக வெட்டி மேலிருந்து பார்க்கிற பார்வை, வெட்டுப்பட்ட சுவர் ஆகத் தடித்த கோடு, அதற்குக் கீழே தெரிகிற படியும் குந்தும் மெல்லிய கோடு என்பதை ஒரே பக்கத்தில் கண்ணுக்குள் ஏற்றிவிடும். அதைப் பார்த்த பிறகு உங்கள் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கோ. எல்லாக் கோடும் ஒரே தடிப்பில், ஒரு வலைத்துண்டு மாதிரிக் கிடக்கும்.

இதோடு ஒரு பயிற்சிப் புத்தகம் வேண்டும். செரில் ஷ்ரொக்கின் ‘எக்சர்சைஸ் வேர்க்புக்’ வரிசை எங்களுக்குப் பிடித்தது, காரணம் அது பேசுவது குறைவு, கீறச் சொல்வது கூட. புதிதாகப் பழகுகிறவருக்கு “இங்கே கிளிக் செய், பிறகு அங்கே கிளிக் செய்” என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற புத்தகம் உதவும். மீட்டெடுக்கிறவருக்கு அது விசம். படிப்படியாகச் சொன்னதைச் செய்து முடித்தால் படம் வரும், தலைக்குள் ஒன்றும் வராது. உங்களுக்கு வேண்டியது அளவுகள் போட்ட ஒரு படம், பக்கத்தில் வெறுமை. எப்படிக் கீறுவது என்பதை நீங்களே தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தடவலில்தான் மறந்தது திரும்புகிறது.

ஜோர்ஜ் ஒமுராவின் ‘மாஸ்டரிங் ஓட்டோகாட்’ பற்றிக் கேட்பீர்கள். நல்ல எழுத்து. ஒரு தொடர்மாடிக் கட்டடத்தைத் தொடக்கத்திலிருந்து கட்டிக்கொண்டே போவது அதன் பலம். ஆனால் வாங்காதீர்கள், இரவல் எடுங்கள். லேயவுட், வியூபோர்ட், அளவு பாணி ஆகிய அதிகாரங்களை மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

அமெரிக்கப் புத்தகம் எதை எடுத்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களின் தாள் வேறு, எங்களுடையது ஏ வரிசை. அவர்களின் எறியம் மூன்றாங் கோணம், இங்கே பெரும்பாலும் முதற் கோணம். வீட்டுப் பிளானில் இது அவ்வளவு கடிக்காது. ஒரு பட்டறைக்கு இரும்புத் தாங்கி ஒன்றைக் கீறிக் கொடுத்துப் பாருங்கோ, ஓட்டை மற்றப் பக்கத்தில் விழும். அவர்களின் வீட்டுச் சுவர் மரச் சட்டத்தின் மேல் பலகை அடித்த சுவர். எங்களுடையது ஆறங்குல சீமெந்துக் கல். அவர்களின் கூரை விபரப் படத்தை அப்படியே எடுத்து வைத்தால், கைமரத்தையும் சிலாகையையும் முகட்டு வளையையும் எங்கே என்று ஓடாவியார் உங்களைத்தான் கேட்பார்.

அலகு பெரிய தலையிடி. நில அளவையாளர் தருகிற கோப்பு மீற்றரில். வீட்டை நீங்கள் கீறுவது மில்லிமீற்றரில். வீட்டுக்காரர் பேசுவது அடி அங்குலத்தில். காணி உறுதியில் இருப்பது பரப்பும் குழியும். ஒரு பரப்பு பத்துப் பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். இரண்டு பரப்புக் காணியை மில்லிமீற்றர் கோப்பில் கீறி, பரப்பளவைக் கேட்டால் கணினி 50 கோடியைத் தாண்டிய ஒரு எண்ணைக் காட்டும். அதைப் பார்த்துப் பயப்படாமல் 506 சதுர மீற்றர் என்று வாசிக்கத் தெரிய வேண்டும். மீற்றர் கோப்பை அலகு பாராமல் மில்லிமீற்றர் கோப்புக்குள் இழுத்தால் காணி ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கி வீட்டு வாசற்படிக்குள் ஒளிந்துகொள்ளும். அங்குலக் கோப்பென்றால் 25.4 மடங்கு. ஒரு புத்தகம் அலகுகளுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறது என்று பார்த்தால், எழுதியவர் உண்மையான வேலை செய்தவரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அளவுத்திட்டமும் அப்படித்தான். நாற்பதடி நீளமான வீடு ஏறத்தாழ 12.2 மீற்றர். 1:50 இல் அது தாளில் 244 மில்லிமீற்றர். ஏ3 தாளின் நீளம் 420, ஆகவே தாராளமாக அடங்கும். 1:100 இல் போட்டால் தாளில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும், மேசன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசிப்பார். தாளில் 2.5 மில்லிமீற்றர் உயரமாக எழுத்து வேண்டுமென்றால் 1:100 க்கு மாதிரி வெளியில் 250 என்று எழுத வேண்டும், 1:50 க்கு 125. இந்தக் கணக்கு விளங்காமல் அனொட்டேட்டிவ் பொத்தானை அமத்துகிறவருக்கு எழுத்து ஒரு நாள் யானையாகவும் ஒரு நாள் எறும்பாகவும் வரும், ஏனென்று தெரியாது.

எந்த நாட்டுப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று இருக்கிறது. எங்கள் நிலம் சுண்ணக்கல். ஓடுகிற ஆறு என்று சொல்லக்கூடியது இல்லை, மாரிக்கு மட்டும் ஓடும் வழுக்கியாறுதான். தலைமுறை தலைமுறையாகக் குடித்தது நிலத்தடி நீர். மேலே ஊற்றியது வெடிப்புகளுக்குள்ளால் கீழே இறங்குகிற பாறை இது. ஆகவே யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குக் காணிப்படம் கீறினால், உங்கள் கிணறும் உங்கள் மலக்குழியும் மட்டும் காணாது. பக்கத்து வளவுக் கிணறு, பின்வளவு மலக்குழி எல்லாம் அந்தப் படத்தில் இருக்க வேண்டும், தூரத்தோடு. மேற்கத்தேயப் புத்தகத்தின் காணிப்படத்தில் வீட்டிலிருந்து ஒரு கோடு போய் நகரத்துக் கழிவுநீர்க் குழாயில் சேரும், அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பழகியவர் இங்கே ஒரு வட்டம் கீறி ‘கிணறு’ என்று எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார். பிரதேச சபையில் அது கடந்து போனாலும், தண்ணீர் குடிக்கப்போவது அந்த வீட்டுப் பிள்ளைகள். படவரைஞர் ஒருத்தரின் கவனக்குறைவு எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை. கனடாவிலிருந்து அண்ணர் அனுப்புகிற காசில், அவர் வட்சப்பில் பார்த்துச் சம்மதித்த பிடிஎஃப்பை நம்பித்தான் இங்கே எத்தனையோ அத்திவாரம் வெட்டப்படுகிறது.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் என்ன பார்ப்பது? முன்பக்கத்தை விடுங்கோ, கடைசிப் பக்கங்களைத் திறவுங்கோ. சொல்லடைவு இருக்கிறதா? உசாத்துணைப் புத்தகம் என்று பெயர் வைத்துவிட்டுச் சொல்லடைவு இல்லாத புத்தகம் கதவு இல்லாத வீடு. அடைவில் லேயவுட், வியூபோர்ட் அளவுத்திட்டம், கோட்டுத் தடிப்பு, அச்சுப் பாணி, அளவு பாணி என்ற சொற்களுக்கு எத்தனை பக்க எண்கள் போட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு ரெண்டர், பொருள் மினுக்கம், கமெரா என்பவற்றுக்கு எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டாவது முதலாவதை விடக் கூடவென்றால் அந்தப் புத்தகம் படம் காட்ட எழுதப்பட்டது, வீடு கட்ட எழுதப்படவில்லை. கடைசியாக, நடுவில் எங்காவது ஒரு பயிற்சியைத் திறந்து, அதைக் கட்டளை சொல்லாமல் வெறும் படமாகத் தந்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

எதிர்வாதங்கள் வரும், தெரியும். “யூடியூப்பில எல்லாம் இருக்கே, புத்தகம் எதுக்கு?” ஒரு இடத்தில் மாட்டுப்பட்டால் யூடியூப் நல்ல மருந்து. ஆனால் இருபது நிமிட வீடியோவில் உங்களுக்கு வேண்டிய நாற்பது செக்கன் எங்கே என்று தேடுவதற்குள் அந்தியாகிவிடும். இன்னொருவர் வேகமாகக் கீறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது கிரிக்கெட் பார்ப்பது போலத்தான், பார்க்கிறவருக்கு ஓட்டம் சேராது.

“இனிமேல் ரெவிட் தான், இருபரிமாணம் செத்துப்போச்சு” என்று இன்னொரு கூட்டம். பிரித்தானிய மத்திய அரசின் கட்டடங்களுக்கு 2016 இலிருந்தே பிஐஎம் முறை கட்டாயம், உண்மை. சுன்னாகத்தில் ஒரு மேசன் கையில் பிடித்திருப்பது அச்சடித்த தாள், அதுவும் உண்மை. ரெவிட்டிலிருந்தும் கடைசியில் வெளியே வருவது கிடைப்படமும் வெட்டுமுகமும்தான். வெட்டுக்கோட்டை எங்கே போடுவது என்று தெரியாதவருக்கு எந்த மென்பொருளும் அதைச் சொல்லித் தராது.

மூன்றாவது எதிர்வாதம் கொஞ்சம் நியாயமானது: “வேலை தருகிறவர் புது வேர்ஷன் தெரியுமோ எண்டுதானே கேக்கிறார்.” கேட்பார்கள். தெரியும் என்று சொல்லுங்கள், மேலே சொன்ன இரண்டு மாற்றங்களும் ரிபனும் ஒரு பின்னேர வேலை. நேர்முகத்தில் கணினியைத் தந்து ஒரு துண்டுத் தாளை நீட்டி “இதைக் கீறித் தாங்கோ” என்பார்கள். அப்போது பார்க்கப்படுவது கோட்டுத் தடிப்பும் அளவு போட்ட விதமும் அச்சுக்கு ஒழுங்காக வருகிறதா என்பதும்தான்.

உண்மையில் புது வேர்ஷன் யாரிடம் இருக்கிறது? 2016 இலிருந்து ஓட்டோடெஸ்க் நிரந்தர உரிமத்தை விற்பதை நிறுத்தி, வருட வாடகைக்கு மாறிவிட்டது. முழு ஓட்டோகாட்டுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். மாணவர்களுக்கு இலவசம், ஆனால் அதைக் காசுக்கு வேலை செய்யப் பாவிக்க முடியாது. குடாநாட்டில் எத்தனை கணினியில் திருட்டுப் பிரதி ஓடுகிறது என்று நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. வீட்டிலிருந்து கீறிச் சம்பாதிக்க நினைக்கிற ஒரு பெண்ணுக்கு அந்த வருட வாடகை கட்டுப்படியாகாது. லிப்ரேகாட் இருக்கிறது, இலவசம். ஃப்ரீகாட் 2024 நவம்பரில்தான் 1.0 ஆனது, அதுவும் இலவசம். காசு கொடுத்தாலும் குறைந்த விலையில் வேறு மென்பொருள்கள் இருக்கின்றன. கட்டளைப் புத்தகம் வாங்கியவர் மென்பொருள் மாறினால் திரும்பப் பூச்சியத்தில் நிற்பார். கீறுவது பற்றிய புத்தகம் வாங்கியவர் எந்த மென்பொருளிலும் ஒரு கிழமையில் எழும்பி நிற்பார். புத்தகத் தெரிவு என்று நாங்கள் இவ்வளவு மல்லுக்கட்டுவது இதற்காகவும்தான்.

மேலே சொன்ன புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பது எங்களுக்கும் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்துகொண்டு சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், அதற்காக ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு அரசகரும மொழித் திணைக்களம் துறை துறையாகச் சொற்றொகுதி போட்டது. எறியம், கிடைப்படம், நிலைப்படம், வெட்டுமுகம் என்று நாங்கள் இன்று கூச்சமில்லாமல் பாவிக்கிற சொற்கள் அந்த உழைப்பில் வந்தவை. சொல் இருக்கிறது, வாசிக்க ஆள் இருக்கிறது, கீறத் தெரிந்த மூத்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். நூறு பக்கத்துக்குள் ஒரு புத்தகம் போதும். எந்த மென்பொருளின் பெயரும் வேண்டாம். இரண்டு பரப்புக் காணி, ஆறங்குலக் கல்லுச் சுவர், விறாந்தை, ஓட்டுக்கூரை, இரண்டு வளவுக் கிணறுகள், ஏ3 தாள், 1:50. அந்த ஒரு வீட்டையே முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கீறிக்கொண்டு போனால் போதும்.

அதற்கு எங்களுக்குப் பழைய படங்கள் தேவை. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில், மாமாவின் அலுமாரியில், எண்பதுகளில் கையால் கீறிய வீட்டு பிளான் ஏதாவது சுருட்டி வைத்திருந்தால், நீலப்படமோ திரேசிங் தாளோ, பூச்சி தின்ன முதல் வெளிச்சமான இடத்தில் விரித்து, மேலிருந்து நேராக ஒரு படம் எடுங்கோ. மூலையில் எழுதியிருக்கிற அளவுத்திட்டமும் தெரிய வேண்டும். வீட்டுக்காரரின் பெயரையும் காணி இலக்கத்தையும் மறைத்துவிட்டு எங்களுக்கு அனுப்புங்கோ.